கோட்பாட்டு அணுக்கரு இயற்பியலில் ஆய்வு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களும், முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் நிற்பவர்களும், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) முடிந்து அடுத்தது என்ன என்று பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நாட்டுக்கு நாடு மாறும் உதவித்தொகை, விசா விவரங்களை விட்டுவிட்டோம். எங்கே வேலை பார்த்தாலும் பொருந்துகிறவை மட்டுமே இங்கே இருக்கின்றன.

கோட்பாட்டு அணுக்கரு இயற்பியலாளர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்?

புரோட்டான்களுக்கும் நியூட்ரான்களுக்கும் இடையிலான விசையிலிருந்து தொடங்கி, ஓர் அணுக்கருவின் நிறை, ஆரம், கிளர்வு நிலைகள், அது சிதையும் வேகம், இன்னொரு கருவோடு மோதும்போது நடப்பது ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் வேலை. கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதும் ஆள் என்ற படம் மனத்தில் இருந்தால் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் பெரும்பகுதி நிரல் எழுதுவதிலும், எழுதிய நிரல் ஏன் தப்பான விடை தருகிறது என்று துழாவுவதிலும் போகும். மிச்ச நேரம் கட்டுரை வாசிப்பு, கூட்டாளிகளோடு பேச்சு, மாணவரின் கணக்கைச் சரிபார்ப்பது, மானிய விண்ணப்பம். பதவி ஏற ஏற, கடைசியில் சொன்ன இரண்டும் முதலில் சொன்ன இரண்டையும் விழுங்கும்.

அணு உலையோடு தொடர்பு உண்டா?

உலை வடிவமைப்பது அணுக்கருப் பொறியியல். அது வேறு படிப்பு, வேறு வேலைச் சந்தை. இரண்டும் சந்திக்கும் இடம் அணுக்கருத் தரவு. ஒரு நியூட்ரான் ஒரு கருவில் பட்டால் எந்த வினை எவ்வளவு நிகழும் என்பதை எல்லா ஆற்றலிலும் அளக்க முடியாது. அளக்க முடியாத இடைவெளிகளை வினைக் கோட்பாடு நிரப்புகிறது.

எந்தப் பாடங்களில் கை தேர்ந்திருக்க வேண்டும்?

குவாண்டம் இயக்கவியலில் கோண உந்தங்களைக் கூட்டுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அப்படிக் கூட்டும்போது வரும் கிளெப்ஷ்–கோர்டன் கெழுக்களின் குறி மரபு புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அந்த ஒரு கழித்தல் குறியில் ஒரு மாதம் தொலைத்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம். அடுத்து இரண்டாம் குவாண்டமாக்கல், சிதறல் கோட்பாடு, நேரியல் இயற்கணிதம், எண்முறைக் கணிதம். அணுக்கரு விசையிலேயே ஆராய்ச்சி செய்ய நினைப்பவருக்குப் புலக் கோட்பாடு தேவை. பேயஸ் புள்ளியியலை முன்பு யாரும் கேட்டதில்லை. இப்போது அது தெரியாமல் ஒப்பேற்றுவது கடினம்.

தயாராக இருக்கிறோமா என்று சோதித்துக்கொள்ள இரண்டு கணக்குகள் போதும்.

முதலாவது, 1935இல் வைசாக்கர் முன்வைத்த நிறைச் சூத்திரம். பருமன், பரப்பு, கூலும், சமச்சீரின்மை, இணை என்று ஐந்து உறுப்புகள். கெழுக்களை எம்இவியில் (மெகா எலக்ட்ரான் வோல்ட்) 15.75, 17.8, 0.711, 23.7, 11.18 என்று எடுத்துக்கொண்டு இரும்பு-56க்குப் போடுங்கள். பருமன் 882.0, பரப்பு 260.5ஐக் கழிக்கும், கூலும் 120.8, சமச்சீரின்மை 6.8, இணை உறுப்பு 1.5ஐக் கூட்டும். வரும் பிணைப்பு ஆற்றல் 495.4 எம்இவி. அளந்த மதிப்பு 492.3. ஈயம்-208க்கு 1634.3 வரும், அளந்தது 1636.4. இரும்புக்கு உங்கள் விடை ஏறத்தாழ 5 எம்இவி குறைந்து வந்தால், கூலும் உறுப்பில் புரோட்டான் எண்ணை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்காமல் அப்படியே வர்க்கப்படுத்தியிருக்கிறீர்கள். அதுவும் வழக்கில் உள்ள வடிவம்தான், ஆனால் அதற்குக் கெழுக்கள் வேறு. ஒரு புத்தகத்தின் சூத்திரத்தில் இன்னொரு புத்தகத்தின் கெழுக்களைப் போடுவது எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஒற்றைக் கருவின் வித்தியாசத்தில் பொருள் தேடவும் கூடாது. 2020ஆம் ஆண்டு அணு நிறை மதிப்பீட்டு அட்டவணையை இறக்கி, எல்லாக் கருக்களுக்கும் வித்தியாசத்தைப் படமாக வரையுங்கள். நியூட்ரான் எண் 50, 82, 126 ஆகிய இடங்களில் முகடு எழும்பும். அவைதான் கருக்கள் கூடுதல் உறுதியோடு நிற்கும் மாய எண்கள். கருவைத் திரவத் துளியாகப் பார்க்கும் இந்தச் சூத்திரத்துக்கு அவை தெரியாது.

இரண்டாவது, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் சேர்ந்த டியூட்ரான். பிணைப்பு ஆற்றல் 2.2246 எம்இவி. சதுரக் கிணறு ஒன்றை வைத்து, அதன் ஆரம் 2.1 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி என்பது மீட்டரில் 10^-15) என்றால் ஆழம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். ஏறத்தாழ 34 எம்இவி வர வேண்டும். 20ஐ ஒட்டி வந்தால், ஒடுக்கப்பட்ட நிறைக்குப் பதிலாக நியூக்ளியானின் (புரோட்டான் அல்லது நியூட்ரானின்) முழு நிறையைப் போட்டிருக்கிறீர்கள். விடை வந்த பிறகு அலைச்சார்பையும் வரைந்து பாருங்கள். பாதிக்கு மேல் கிணற்றுக்கு வெளியே இருக்கும். 34 எம்இவி ஆழத்தில் வெறும் 2 எம்இவியில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. இந்தத் துறையின் பாதி இடர்ப்பாடுகள் அந்தப் படத்திலேயே தெரியும்: இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிஞ்சும் சின்ன எண்ணைத்தான் நாம் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிரல் எழுதத் தெரியாமல் காலம் தள்ள முடியுமா?

முடியாது. எந்த மொழி என்பது பெரிய விஷயமில்லை. ஃபோர்ட்ரானும் சி++ உம் கனமான கணக்குகளுக்கு, பைத்தான் பகுப்பாய்வுக்கும் படத்துக்கும் என்பதுதான் நடைமுறை. ஃபோர்ட்ரானைப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். நீங்கள் முதலில் திறக்கப்போகும் குழு நிரல் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

கணினியின் நினைவகத்தையும் இயற்பியலாகவே பார்க்கப் பழக வேண்டும் என்பதுதான் முக்கியம். நியூக்ளியான்களை அடுக்கடுக்கான கூடுகளில் வைத்துக் கணக்கிடும் கூடு மாதிரியில் சிலிக்கான்-28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன்-16ஐ உள்ளகமாக வைத்தால், வெளிக்கூட்டில் புரோட்டானுக்கு 12 இடம், நியூட்ரானுக்கு 12 இடம். ஆறு ஆறாக நிரப்பினால் 924ஐ 924ஆல் பெருக்க, 8,53,776 அமைப்புகள். மொத்தக் கோண உந்தத்தின் ஓர் அச்சு வழிக் கூறு பூச்சியமானவற்றை மட்டும் வைத்தால் 93,710. மடிக்கணினியே போட்டுவிடும். ஒரு கூடு மேலே போய் நிக்கல்-56 என்றால் அதே எண் 109 கோடி. ஒரு வெக்டரை இரட்டைத் துல்லியத்தில் வைக்க 8.7 ஜிகாபைட் ஆகும். பெரிய அணியின் தாழ்ந்த ஆற்றல் மட்டங்களைக் கண்டுபிடிக்கும் லான்சோஸ் முறையில் நூறு வெக்டர்களைச் சேமித்தால் 870 ஜிகாபைட். ஒற்றைத் துல்லியத்துக்கு இறங்கினால் இடம் பாதியாகும். ஆனால் வெக்டர்களுக்கிடையே செங்குத்துத் தன்மை சீக்கிரம் கெட்டு, ஒரே ஆற்றல் மட்டம் இரண்டு மூன்று முறை போலியாகத் தலைகாட்டும். புதிய மட்டம் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளுவதற்கு முன், வெக்டர்களை மறுபடி செங்குத்தாக்கி ஓட்டிப் பாருங்கள்.

கேஷெல், பிக்ஸ்டிக் போன்ற கூடு மாதிரி நிரல்களும், வினைகளுக்கான ஃப்ரெஸ்கோவும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அவற்றை ஓட்டத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் ஓட்டத் தெரிந்தவர் என்ற பெயரோடு மட்டும் நின்றுவிட்டால் வேலைச் சந்தையில் அடி விழும். சிறிய கூடு மாதிரி நிரல் ஒன்றையாவது சொந்தமாக எழுதி, விடையைப் பெரிய நிரலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எந்த உட்பிரிவைத் தேர்ந்தெடுப்பது?

அணுக்கரு விசை, கருக் கட்டமைப்பு, வினைகள், அணுக்கரு வானியற்பியல், அடிப்படைச் சமச்சீர்மைகள், குவார்க்–குளுவான் பொருள் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். இவற்றில் எது சூடாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. நீங்கள் பட்டம் வாங்கும்போது சூடு வேறு எங்கோ போயிருக்கும்.

அதைவிட நம்பகமான வழி: விடை தெரியாத ஒரு கேள்வியையும், அதை அளக்கப் போகும் ஒரு கருவியையும் சேர்த்துப் பாருங்கள். ஆக்சிஜன் ஐசோடோப்புகள் நல்ல உதாரணம். புரோட்டான் 8, நியூட்ரான் 20, இரண்டும் மாய எண். ஆகவே ஆக்சிஜன்-28 கட்டுண்டு நிற்க வேண்டும் என்று தோன்றும். இரு நியூக்ளியான் விசைகளை மட்டும் வைத்துச் செய்த கணக்குகளும் அப்படித்தான் சொன்னன. இயற்கையில் ஆக்சிஜன்-24ஓடு வரிசை முடிந்துவிடுகிறது. மூன்று நியூக்ளியான்கள் சேர்ந்தால் மட்டும் எழும் விசையைச் சேர்த்த பிறகு, 2010 வாக்கில் கணக்கு அந்த எல்லையைப் பிடித்தது. 2023இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில் ஆக்சிஜன்-28ஐ உண்டாக்கியே பார்த்துவிட்டார்கள். அது கட்டுண்டு நிற்காமல், ஆக்சிஜன்-24 ஆகவும் நான்கு நியூட்ரான்களாகவும் சிதறியது. கோட்பாடும் கருவியும் இப்படி நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் உங்கள் முனைவர் பட்டத் தலைப்பு இருந்தால், கட்டுரையை வாசிக்க ஆள் இருக்கும். மிச்சிகனில் 2022 மே மாதம் சோதனைகளைத் தொடங்கிய அரிய ஐசோடோப்பு ஆய்வகமான ஃப்ரிப், ஜெர்மனியின் தார்ம்ஷ்டாட், கனடாவின் டிரையம்ப் ஆகிய இடங்களில் அடுத்த பத்தாண்டில் எந்தக் கருக்களை அளக்கப் போகிறார்கள் என்ற பட்டியல்கள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றை வாசியுங்கள்.

அளவீட்டுக்குக் காத்திருக்கும் இன்னொரு பெரிய கேள்வி, நியூட்ரினோ வெளிவராத இரட்டைப் பீட்டாச் சிதைவு. அங்கே கோட்பாட்டாளரின் கடன் நேரடியானது. சிதைவு வேகத்தைக் கணக்கிடத் தேவையான அணி உறுப்பு என்ற ஒரே எண்ணை வெவ்வேறு முறைகள் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசத்தில் தருகின்றன. டன் கணக்கில் ஐசோடோப்பை வைத்துக் காத்திருக்கும் சோதனையாளருக்கு அந்த வித்தியாசம் தலைவலி.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது?

மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவரிடம் கடைசியாகப் பட்டம் வாங்கிய நான்கைந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டு எடுத்தார்கள், மாணவர் முதல் பெயராக இருக்கும் கட்டுரைகள் எத்தனை என்று பாருங்கள். இப்போதைய மாணவரிடம் தனியாகப் பேசி இரண்டு விஷயம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை நெறியாளரைப் பார்க்க முடிகிறது, குழுவின் நிரல் யாருக்குப் புரியும். எப்போதோ போய்விட்ட ஒரு போஸ்ட்டாக்குக்கு மட்டுமே நிரல் புரியும் என்று பதில் வந்தால், உங்கள் முதல் ஆண்டு அந்த நிரலைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

முனைவர் பட்ட ஆண்டுகள் எப்படிப் போகும்? எங்கே சறுக்கும்?

ஐரோப்பாவில் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு ஆண்டு. பாடங்களும் சேரும் அமெரிக்க முறையில் ஐந்து முதல் ஆறு. முதல் வேலையாக, ஏற்கெனவே வெளியான ஒரு விடையை நீங்களே மறுபடி வரவழைக்க வேண்டும். இதைக் கேவலமாக நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அடுத்த மூன்றாண்டுக்கான காப்பீடு அதுதான்.

சறுக்கும் இடங்களில் முதலாவது, ஒருங்கல், அதாவது விடை மாறாமல் நிலைபெறுவது. முடிவிலா வெளியை முடிவுள்ள அடித்தளத்தில் வெட்டித்தான் கணக்குப் போடுகிறோம். சீரிசை அலையியற்றி அடித்தளத்தில் இரண்டு குமிழ்கள் உண்டு: அதிர்வெண் ஒன்று, அடித்தளத்தின் அளவு இன்னொன்று. அளவை ஏற்ற ஏற்ற, ஆற்றல் அதிர்வெண்ணைப் பொருட்படுத்தாமல் தட்டையாக வேண்டும். தட்டையாகும் முன்பே மிகக் குறைந்த புள்ளியை எடுத்துக்கொண்டு, அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று எழுதிவிடுவது பழைய வியாதி. ஆற்றல் தட்டையானாலும் ஆரம் ஆகாது. அலையியற்றியின் அலைச்சார்பு காஸ் வடிவில் சட்டென்று விழும். உண்மையான கருவின் வால் அடுக்குக்குறி வடிவில் மெதுவாக நீளும். லித்தியம்-11 போன்ற, நியூட்ரான்கள் வெளியே வெகுதூரம் பரவி நிற்கும் ஒளிவட்டக் கருக்களில் எல்லாமே அந்த வாலில்தான் இருக்கிறது.

இரண்டாவது, நிறை மையம். கரு தன் உள்ளே அசைவதையும், முழுக்கருவே பெட்டிக்குள் அசைவதையும் நிரல் பிரித்துப் பார்ப்பதில்லை. நிறை மைய அசைவுக்குத் தண்டனையாக ஓர் உறுப்பைச் சேர்த்து, அதன் கெழுவை இரண்டு மூன்று மதிப்புகளில் மாற்றிப் பாருங்கள். தாழ்நிலை மட்டம் அசையவில்லை என்றால் சரி. கூடவே நகர்ந்தால் அது போலி மட்டம்.

மூன்றாவது, சரியான விடை வந்ததும் சோதிப்பதை நிறுத்திவிடுவது. விடை தவறாக இருந்தால் எல்லோரும் நிரலைத் தோண்டுவார்கள். அளவீட்டோடு ஒத்துப்போனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும்.

பிழை எல்லையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? கோட்பாட்டுக்குப் பிழை எல்லை தேவையா?

முன்பு தேவைப்படவில்லை. 2011இல் பிசிகல் ரிவ்யூ ஏ இதழின் ஆசிரியர்கள், கோட்பாட்டுக் கட்டுரைகளும் தங்கள் விடையின் நிச்சயமின்மையைச் சொல்ல வேண்டும் என்று தலையங்கம் எழுதினார்கள். அணுக்கருக் கோட்பாடு அதைப் பலமாகப் பிடித்துக்கொண்டது. காரணம் நடைமுறை சார்ந்தது. ஈயம்-208இன் நியூட்ரான் தோலின் (புரோட்டான்களைத் தாண்டி நியூட்ரான்கள் நீளும் விளிம்பின்) தடிமனை 2021இல் ப்ரெக்ஸ் சோதனை 0.283 ஃபெர்மி என்று தந்தது. கூட்டல் கழித்தல் 0.071. மறு ஆண்டு, விசையிலிருந்தே தொடங்கிய கணக்கு ஒன்று 0.14 முதல் 0.20 வரை என்றது. எல்லைகள் இல்லாமல் 0.28க்கு எதிரே 0.17 என்று மட்டும் எழுதியிருந்தால் சண்டைதான் மிஞ்சும். எல்லைகள் இருப்பதால், கருத்து வேறுபாடு லேசானது, இன்னும் துல்லியமான அளவீடு வேண்டும் என்று பேச முடிகிறது.

எல்லையை எப்படிப் போடுவது? மூன்று மூலங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விசையின் விரிவாக்கத்தை எந்தப் படியில் வெட்டினோம், பல துகள் கணக்கில் எதை விட்டோம், விசையின் மாறிலிகள் எந்த அளவுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் ஸ்டீவன் வைன்பெர்க் தொடங்கிவைத்த, அணுக்கரு விசையைப் படிப்படியாக விரிக்கும் கைரல் விளைவுப் புலக் கோட்பாட்டில் படிகளுக்கு ஒழுங்கு இருப்பதால், முதல் மூலத்தை மதிப்பிட வழி இருக்கிறது. வெட்டு ஆற்றலை (விசையை எந்த ஆற்றலோடு நிறுத்துகிறோம் என்பதை) இரண்டு மதிப்புகளில் மாற்றி அந்த வித்தியாசத்தையே பிழை எல்லை என்று எழுதுவது சோம்பேறி வழி. மதிப்பீட்டாளர்கள் இப்போது அதை விடுவதில்லை. மாறிலிகளை ஆயிரக்கணக்கான முறை மாற்றி ஓட்ட வேண்டியிருப்பதால், முழுக் கணக்கைப் போலவே விடை தரும் மலிவான பதிலிகளைக் கட்டுகிறார்கள். முனைவர் பட்டத்தின் போதே அப்படி ஒன்றைக் கட்டியிருந்தால் விண்ணப்பத்தில் அது தனியாகத் தெரியும்.

கட்டுரையை எங்கே வெளியிடுவது? பெயர் வரிசை எப்படி?

பிசிகல் ரிவ்யூ சிதான் துறையின் அன்றாட இதழ். பொது வாசகருக்குப் போக வேண்டிய முடிவு என்றால் பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ். அதற்கு 3,750 சொல் வரம்பு, படங்களும் சொற்களாகக் கணக்கில் சேரும். இதழுக்கு அனுப்பும் நாளிலேயே ஆர்க்சைவ் என்ற பொது முன்பதிப்புத் தளத்தில் அணுக்கருக் கோட்பாட்டுப் பிரிவில் ஏற்றிவிடுவது வழக்கம். ஏற்றிய இரண்டு மூன்று நாளில் எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டவில்லையே என்று மின்னஞ்சல்கள் வரும். கோபப்படாமல் வாசியுங்கள், பாதியில் நியாயம் இருக்கும்.

பெயர் வரிசை உட்பிரிவுக்கு உட்பிரிவு மாறும். விளைவுப் புலக் கோட்பாட்டுக் குழுக்களில் அகர வரிசை வைப்போர் உண்டு. கட்டமைப்புக் கணக்குகளில் உழைத்தவர் முதலில் வருவார். அகர வரிசைக் குழுவில் இருந்தால், எந்தக் கட்டுரையில் எதை நீங்கள் செய்தீர்கள் என்று ஆய்வு அறிக்கையில் ஒரு வரி எழுதிவையுங்கள். தேர்வுக் குழுவில் வேறு துறைக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த மரபு தெரியாது.

போஸ்ட்டாக் விண்ணப்பத்தை எப்போது தொடங்குவது, எதை அனுப்புவது?

அடுத்த இலையுதிர் காலத்தில் சேர வேண்டும் என்றால், அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலான விளம்பரங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முடிந்துவிடும். இன்ஸ்பயர் தளத்தின் வேலைப் பட்டியலையும் அகாடெமிக்ஜாப்ஸ்ஆன்லைனையும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

வேண்டியவை: தன்விவரம், கட்டுரைப் பட்டியல், இரண்டு முதல் நான்கு பக்க ஆய்வு அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஆய்வு அறிக்கையில் பெரும்பாலோர் செய்யும் தவறு, செய்ததைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, செய்யப்போவதைக் கடைசிப் பத்தியில் தள்ளுவது. அதைத் தலைகீழாக்குங்கள். முதல் பக்கத்தில், விண்ணப்பிக்கும் குழுவுக்கு நீங்கள் கொண்டுவரும் கேள்வி ஒன்று. அதற்கு அவர்களிடம் இருக்கும் எந்தக் கருவி உதவும். முதல் ஆறு மாதத்தில் எந்தக் கருவுக்கு என்ன கணக்கு. குழுவின் பெயரை மட்டும் மாற்றி நாற்பது இடத்துக்கு அனுப்பிய அறிக்கையை வாசிப்பவர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கடிதங்களில் ஒன்றாவது உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவரிடமிருந்து வர வேண்டும். அந்த ஆள் திடீரென்று கிடைக்கமாட்டார். சியாட்டிலில் 1990 முதல் இயங்கும் அணுக்கருக் கோட்பாட்டு நிறுவனம் சில வாரங்கள் நீளும் அமர்வுகளை நடத்துகிறது. இத்தாலியின் டிரென்டோவில் 1993இல் தொடங்கிய ஐரோப்பிய மையத்தில் பயிலரங்குகள் பெரும்பாலும் ஒரு வாரம். அணுக்கருக் கோட்பாட்டைப் பயிற்றுவிக்கும் டேலண்ட் பள்ளிகள் மூன்று வாரம். பட்டத்தின் இரண்டாம் ஆண்டிலிருந்தே இவற்றுக்குப் போய்வந்தால், மூன்றாவது கடிதத்துக்கு ஆள் தானாகத் தெரியவருவார். கடிதம் கேட்கும்போது கெடுவுக்கு நான்கு வாரம் முன்னதாகக் கேளுங்கள். இடங்களின் பட்டியலையும் கெடு நாட்களையும் ஒரே தாளில் கொடுங்கள்.

எத்தனை போஸ்ட்டாக் செய்ய வேண்டியிருக்கும்?

ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று ஆண்டு. இரண்டு என்பது சாதாரணம், மூன்றும் அபூர்வமல்ல. முதலாவதில் நெறியாளரின் முறையிலிருந்து விலகி வேறு முறை ஒன்றைக் கற்றுக்கொள்வது நல்லது. இரண்டாவதில், முனைவர் பட்ட நெறியாளர் பெயர் இல்லாத கட்டுரைகள் வந்தாக வேண்டும். மானியங்களின் கடிகாரம் பட்டம் பெற்ற நாளிலிருந்து ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நிலை மானியம் (ஐந்தாண்டு வரை, 15 லட்சம் யூரோ), ஜெர்மனியின் ஆறாண்டு எம்மி நோதர் குழு ஆகியவற்றுக்கு எல்லாம் அப்படித்தான். பிள்ளைப்பேறு விடுப்புக்குக் கடிகாரத்தை நிறுத்தும் விதிகள் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

பேராசிரியர் பணித் தேர்வில் என்ன நடக்கும்?

ஒன்று அல்லது இரண்டு நாள். ஒரு மணி நேரப் பொது உரை, அதன் பின் சிறு குழுவோடு கரும்பலகையில் எதிர்காலத் திட்டம், பத்துப் பதினைந்து தனிச் சந்திப்புகள். உரையைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் திண்மநிலை இயற்பியலோ ஒளியியலோ செய்பவர்கள். முதல் பதினைந்து நிமிடம் அவர்களுக்கு. கைரல் விரிவாக்கத்தின் படங்கள் நிறைந்த ஸ்லைடு ஒன்றைப் போட்ட நிமிடத்தில் அறையை இழந்துவிடுவீர்கள்.

கரும்பலகைப் பகுதியில்தான் தேர்வு நடக்கிறது. உங்கள் முதல் மாணவருக்கு என்ன தலைப்பு கொடுப்பீர்கள், அது ஒரு வருடத்தில் படுத்துவிட்டால் மாற்று என்ன, முன்னாள் நெறியாளரின் குழுவே இதைச் செய்தால் உங்களிடம் என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரு கருவின் பெயரோடும் ஒரு அளவீட்டின் பெயரோடும் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

தொடக்க நிதி பேசும்போது கோட்பாட்டாளர்கள் குறைவாகக் கேட்டுக் கெடுகிறார்கள். உங்களுக்கு ஆய்வகக் கருவி வேண்டாம். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு போஸ்ட்டாக், மாணவருக்குக் கோடைச் சம்பளம், கணினிக் கணுக்கள் சில, பயணம், முதல் ஆண்டில் பாடச் சுமைக் குறைப்பு, இவை வேண்டும். ஃப்ரிப் கோட்பாட்டுக் கூட்டணியின் பாலத் திட்டம் போல, புதிய பேராசிரியரின் தொடக்க ஆண்டுச் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகளும் உண்டு.

மீகணினி நேரம் கேட்பது எப்படி?

கணு மணிகளில் (கணு என்பது மீகணினிக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினி). ஒரு ஓட்டத்துக்கு 64 கணு, 6 மணி நேரம் என்றால் 384 கணு மணி. அதிர்வெண் ஐந்து, அடித்தள அளவு நான்கு, வெட்டு ஆற்றல் மூன்று என்றால் 60 ஓட்டம், 23,040 கணு மணி என்று போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மிகப் பெரிய அடித்தளம் மட்டுமே மற்ற மூன்றும் சேர்ந்ததைவிட அதிகம் தின்னும். ஆகவே ஒவ்வோர் அளவையும் தனியாக ஓட்டிப் பார்த்த நேரத்தைப் பட்டியலிடுங்கள். அதன் மேல் நான்கில் ஒரு பங்கு, படுத்துவிடும் ஓட்டங்களுக்காக. கணுக்களை இரட்டிப்பாக்கினால் நேரம் எவ்வளவு குறைகிறது என்ற படம் இல்லாத விண்ணப்பத்தை மதிப்பீட்டாளர் ஓரமாக வைத்துவிடுவார்.

வேறு துறையிலிருந்து பின்னால் வரலாமா?

வரலாம். மரியா கோப்பெர்ட் மேயர் 1930இல் வாங்கிய முனைவர் பட்டம் அணுக்கருவைப் பற்றியதே அல்ல. ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளியன்களை விழுங்குவதைப் பற்றியது. 1949இல் அவரும், தனியாக ஜெர்மனியில் ஹாக்சல், ஜென்சன், சூயஸ் ஆகியோரும் சுழல்–சுற்றுப்பாதைப் பிணைப்பை (நியூக்ளியானின் தற்சுழற்சியும் சுற்றும் இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பதை) சேர்த்து மாய எண்களை விளக்கினார்கள். அது இல்லாத அலையியற்றி 2, 8, 20க்குப் பிறகு 40, 70, 112 என்று தவறான எண்களைத் தரும். சேர்த்ததும் 28, 50, 82, 126 வந்து விழும். மேயருக்கு முழுநேரப் பேராசிரியர் பதவி 1960இல்தான் கிடைத்தது, நோபல் 1963இல். பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். அந்தப் பகுதியை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்வித் துறையை விட்டால் என்ன வழி?

தேசிய ஆய்வகங்கள், அணுக்கருத் தரவு மதிப்பீடு, மருத்துவ இயற்பியல் (இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்), கதிர்வீச்சுப் பாதுகாப்பு, மென்பொருள், நிதிப் பகுப்பாய்வு. முடிவை மூன்றாவது போஸ்ட்டாக்கின் கடைசி மாதத்தில் எடுக்காமல், இரண்டாவதன் நடுவில் எடுத்தால் பேரம் பேச இடமிருக்கும்.

கட்டுரை வெளியான பிறகு எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

நிரலின் சரியான பதிப்பு, உள்ளீட்டுக் கோப்புகள், விசையின் அணி உறுப்புக் கோப்பு, அதன் அலகுகளும் குறி மரபும் எழுதிய ஒரு பக்கம், படத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களின் அட்டவணை. இவற்றை ஒரே கோப்புறையில் போட்டு, பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒரு சோதனைக் குழு அதே கருவுக்கு அளவீடு எடுத்துவிட்டு, அடுத்த ஐசோடோப்புக்கும் எண் வேண்டும் என்று எழுதும். அன்றைக்கு இரண்டு நாளில் பதில் அனுப்ப முடிந்தால் அந்தக் கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கும். பழைய மடிக்கணினியைத் தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் வேறு யாரோ அனுப்பியிருப்பார்.